பிரேக் பிடிச்சிருக்கா?

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் கட்டிடத்து லிப்ட்டைப் பார்த்துக்கொள்ளும் லிப்ட்காரர்தான். போன மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. நாள் எப்படி நினைவிருக்கிறது என்றால், அன்றைக்குத்தான் லிப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. நான் உள்ளே. அவர் வெளியே. ஏதோ ஒரு சாமான் வந்தால்தான் நகரும் என்றார்கள். எனக்குத் தெரிந்த பிரார்த்தனையை எல்லாம் ஒரு சுற்று சொல்லி முடித்துவிட்டு, கதவு இடுக்கில் வாயை வைத்து, "தம்பி, கயிறு அறுந்துடாதே?" என்று கேட்டேன்.

"அறுந்தாலும் பிரேக் பிடிக்கும்மா. பயப்படாதீங்க. பிரேக்கைப் பத்தி என்னைக் கேளுங்க. நான் பட்ட பாடு வேற யாரும் பட்டிருக்க மாட்டாங்க" என்றார். சாமான் வருகிற வரை என் பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது பாதி. அவர் விழுங்கினது மீதி. அந்த மீதியை அவர் வீட்டம்மா பிற்பாடு எனக்குச் சொன்னாள். இரண்டையும் ஒட்டுப்போட்டுச் சொல்கிறேன்.

லிப்ட்காரருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். லிப்ட்டை ஓட்டுவது பெரிய காரியமில்லை, நிறுத்துவதுதான் காரியம் என்பார். அவர் கை வைத்த லிப்ட் நிற்பதே தெரியாது. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரோடு ஒரு ஆள் உள்ளே நின்றாலும் ஒரு சொட்டு சிந்தாது. இதை அவர் டம்ளரோடு செய்தே காட்டியிருக்கிறார். ஊரில் உள்ள லிப்ட்டெல்லாம் அவர் சொல் கேட்கும். வீட்டில் மட்டும் அவர் மேலே போவதும் கீழே இறங்குவதும் அந்தம்மா அமுக்கும் பட்டனைப் பொறுத்தது.

அவரிடம் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. அந்தக் காரால் வந்தது ஒரு ஆசை.

ஊருக்கு வெளியே ரேஸ் விடுகிற ஓடுபாதை ஒன்று உண்டு. ரேஸ் இல்லாத சில சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். 'டிராக் டே' என்று அதற்குப் பெயர். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. பின்னே எதற்கு ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்டேன். "முன்னாடி போறவனைத் தாண்டத்தாம்மா" என்றார். முன்னாடி போகிறவர் அவருடைய மச்சான். வீட்டம்மாவின் தம்பி. கண்ணாடிக்கடை வைத்து, கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி கொடுக்கிறவர். கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

கண்ணாடிக்காரரின் கார் லிப்ட்காரரின் காரைவிடப் பழசு. ஆனாலும் நாலாவது வளைவு வந்தால் போதும், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். அந்த வளைவுக்கு முன்னால் நீளமாக நேர்ப்பாதை. பறந்து வந்து, பிரேக் அடித்துத் திரும்ப வேண்டும். மூன்றாவது சுற்றில் லிப்ட்காரருக்கு அந்த இடத்தில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிடும். தலையணையை மிதிப்பதுபோல.

"மாமா, என் கார் கண்ணாடில உங்களைத் தேடித் தேடிப் பாத்தேன். காணோம். எனக்குத்தான் பவர் ஏறிடுச்சுபோல" என்பார் கண்ணாடிக்காரர்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொள்வார். சங்கடம் வேறு இடத்தில். ஒரு வருஷமாக வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் உன் தம்பி எனக்குப் பின்னாடிதான்" என்று சொல்லிவந்தார். அது முழுப்பொய்யும் இல்லை. காரை நிறுத்தும் கொட்டகையில் இவர் கார் முன்னாலும் மச்சான் கார் பின்னாலும்தான் நிற்கும். ஆனால் அந்தம்மா அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். "என் தம்பியையா? நிஜமாவா!" என்று கண்ணை விரித்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் கண்ணை விரித்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஹெல்மெட்டோடு அவர் நிற்கும் படத்தை வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் காட்டியிருந்தாள்.

ஒருநாள் கண்ணாடிக்காரர் போனில், "அக்கா, அடுத்த டிராக் டேக்கு நீயும் வாயேன்" என்று சொல்லிவிட்டார். அவளும் சரி என்றுவிட்டாள்.

லிப்ட்காரருக்கு உள்ளே கயிறு அறுந்தது. இன்னும் பதினைந்தே நாள். அதற்குள் மச்சானை நிஜமாகவே பின்னாடி தள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் விரிந்த கண் சுருங்கிவிடும்.

அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தார். பெரிய பிரேக் போடுவது. சின்னப் பிரேக் இல்லை, ஆறு பிஸ்டன் வைத்த, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் ரத்தச் சிவப்புக் காலிப்பரும் பூரி கணக்கில் இல்லாமல் தாம்பாளம் கணக்கில் டிஸ்க்கும் வருகிற முழு செட்டு.

வீட்டில் கார்ச் சாமான் வாங்க ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அந்தம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் ரொட்டி ஃபேக்டரியில் அடுப்புப் பிரிவுக்கு சூப்பர்வைசர். கோபமே வராத மனுஷி. சந்தேகம்தான் வரும். கோபமே தேவலை என்பார் அவர்.

"ஆறு பிஸ்டன்னா என்னங்க?"

"ஆறு விரல்னு வெச்சுக்கோ. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. டிஸ்க்கை அமுக்கிப் பிடிக்கும்."

"இப்ப எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு!"

"ஒரு விரல்லயேவா இத்தனை வருஷம் நின்னுது?"

"நின்னுது."

"அப்ப இப்ப மட்டும் ஏங்க நிக்கலை?"

"நிக்குது, நிக்குது. இன்னும் நல்லா நிக்கணும். எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான். உன்னை நெனைச்சுத்தான்."

"என்னை நெனைச்சா ஃபேன் வாங்குவாங்களா, பிரேக் வாங்குவாங்களா? சரி, நல்லா நிக்காம எது தடுக்குது?"

"சூடு. டிராக்ல பிரேக் பயங்கரமா சூடாகும்."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சூடு அந்தம்மாவின் இலாகா.

"எத்தனை டிகிரி?"

"சூடுன்னா சூடுதான். கொதிக்கும்."

"எங்க அடுப்பாண்ட வந்து 'சூடுன்னா சூடுதான்'னு சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. டிகிரி சொல்லணும். எந்தப் பக்கம் ஜாஸ்தி, எந்தப் பக்கம் கம்மி? எவ்வளவு நேரத்துல ஏறுது, எவ்வளவு நேரத்துல ஆறுது? இதெல்லாம் பாக்காம எப்படிங்க பெரிசா வாங்குறது? நான்தான் வர்றேனே. சூடு பாக்கிற மிஷினைக் கொண்டு வர்றேன். பாத்துட்டு வாங்கலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் வந்து பார்த்த பிறகு வாங்கி என்ன பிரயோஜனம்? மறுநாளே யாருக்கும் சொல்லாமல் பிரேக் சாமான் கடைக்குப் போனார்.

கடைக்காரர் காதில் பென்சில் செருகினவர். பேச்சு மெதுவாக வரும்.

"மூணாவது ரவுண்டுல பெடல் மெத்துன்னு ஆகுதா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வர்றவங்க எல்லாம் அதையேதான் சொல்றாங்க. உள்ள ஆயில் கொதிக்குது. கொதிச்சா குமிழி. குமிழியை மிதிச்சா மெத்துன்னுதான் இருக்கும். முதல்ல சூடு தாங்குற ஆயில் ஊத்துங்க. ரெண்டாவது, டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற பேட், அதையும் சூடு தாங்குறதாப் போடுங்க. அப்பவும் சரியில்லைன்னா ரப்பர் ஹோஸுக்குப் பதிலா கம்பி பின்னின ஹோஸ். அப்புறம் டிஸ்க்குக்குக் காத்துப் போக ஒரு குழாய். அதுக்கெல்லாம் அப்புறம்தான் பெரிய செட்டு."

"அப்ப பெரிய செட்டே குடுங்க."

"அதை நான் கடைசியாச் சொன்னேன்."

"நான் முதல்ல கேக்குறேன். பிரேக்கைப் பத்தி எனக்கேவா? நான் லிப்ட்காரன்."

கடைக்காரர் பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்துகொண்டார். செட்டை எடுத்து வைத்தார். கூடவே ஒரு டின் நல்ல ஆயிலும், வளைவாக வெட்டிய ஒரு அட்டையும் வைத்தார். "இந்த அட்டையைச் சக்கரத்துக்குள்ள வெச்சுப் பாருங்க. இடிக்காம உக்காந்தா செட்டு போகும். இடிச்சா போகாது."

"அட்டையா? லிப்ட் வாசல்ல ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தா கண்ணாலயே சொல்லுவேன் நான்!"

"நல்லதுங்க. பெட்டியை மட்டும் கிழிக்காமப் பிரிங்க" என்றார் கடைக்காரர்.

அடுத்த வாரம் அவருக்கு லீவு கிடைத்த நாளில் அந்தம்மாவுக்குக் காலை ஷிப்ட். இரண்டரை மணிக்குத்தான் வருவாள். அவர் எட்டு மணிக்கே தாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் காரைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரங்களைக் கழற்றி, பழைய பிரேக்கை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டினார். மாட்டிவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தார். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. இடது பக்கமிருந்து பார்த்தார். வலது பக்கமிருந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று.

அப்புறம் சக்கரத்தை எடுத்து மாட்டினார். போகவில்லை.

திருப்பி மாட்டினார். போகவில்லை. இடது சக்கரத்தை வலது பக்கம் மாட்டினார். காலிப்பர் சக்கரத்துக்குள் நங்கென்று இடித்துக்கொண்டு, நான் இப்படித்தான் இருப்பேன் என்றது. அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார். அட்டையும் அதே இடத்தில் இடித்தது. அரை விரல் அகலம்.

சரி, பழசையே மாட்டிவிடுவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மாட்டினார். செட்டைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, தன் ரெயின்கோட்டை அதன்மேல் போர்த்தினார். காருக்குள் ஏறி பிரேக்கை மிதித்தார். கால் நேராகத் தரைக்குப் போயிற்று. கழற்றி மாட்டினதில் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. காற்றை எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். "அது ஒத்தை ஆள் வேலை இல்லைம்மா" என்றார். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்தண்டை படுத்து ஒரு சின்ன ஆணியைத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்றும் குமிழி குமிழியாக வரும். ஆணியை மூடின பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை விடலாம். நாலு சக்கரத்துக்கும் இப்படி, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து.

அவர் குடையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்துப் பார்த்தார். குடை இரண்டாக மடிந்தது. மச்சானைக் கூப்பிடலாம். அதைவிட பிரேக் இல்லாமலே ஓட்டிவிடலாம். அப்படியே விட்டுவிடலாமா? அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போயிருந்த அந்தம்மா மறுநாள் காலை அதே காரில்தான் வேலைக்குப் போவாள். அவர் அவ்வளவு கெட்ட மனுஷர் இல்லை.

இரண்டரை மணிக்கு அவளே வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ஆயில் மாத்துறேன். நல்ல ஆயில். சூடு தாங்கும். கொஞ்சம் உள்ள உக்காந்து மிதிக்கிறியா?"

"அட, நானா? எப்படின்னு சொல்லுங்க" என்று ஆசையாக ஏறி உட்கார்ந்தாள்.

அவர் பின்சக்கரத்தண்டை படுத்தார். "மிதி!"

"மிதிச்சாச்சு."

"பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. இந்த சீட் நல்லாத்தான் இருக்கு."

"சீட்டைக் கேக்கலை. பெடலைப் பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

ஆணியைத் திறந்தார். ஆயில் வந்தது. மூடினார். "விடு."

நாலைந்து தடவை இப்படி நடந்தது. அந்தம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க, நீங்க மூடுறதுக்கு முன்னாடி நான் காலை விட்டுட்டா என்ன ஆகும்?"

"ஐயோ, காத்து திரும்ப உள்ள போயிடும். செஞ்சதெல்லாம் வீண். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அப்படியா?" என்றாள்.

அந்த 'அப்படியா'வை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்து, "மிதி! பிடிச்சிருக்கா?" என்று கேட்டு, ஆணியைத் திறந்தார்.

"ஏங்க, அந்தத் தூணுக்குப் பின்னாடி உங்க ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறது யாருங்க?"

"யாருமில்ல."

"அப்படியா. கால் வலிக்குது. விட்டுடட்டுமா?"

"விடாதே! விடாதே! அது... பிரேக்கு."

"எந்தப் பிரேக்கு?"

"ஆறு பிஸ்டன். மூடிக்கிறேன் இரு... ம், விடு."

"அளந்துதானே வாங்கினீங்க?"

"கண்ணால அளந்தேன்."

அவள் திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றாவது சக்கரத்துக்கு வந்தார். மிதிக்கச் சொன்னார். திறந்தார்.

"பாத்துட்டு வாங்கலாம்னு சொன்னேனே, அதுக்குள்ள என்னங்க அவசரம்?"

"ஒண்ணுமில்ல."

"விடட்டுமா?"

"உன் தம்பி!" என்று கத்தினார் காருக்கடியிலிருந்து. "உன் தம்பி என்னைத் தாண்டிடறான்!"

"எப்ப?"

"எப்பவும்."

"பின்னாடிதான் வர்றான்னீங்க?"

"கொட்டகையில."

அவருக்குக் காது மட்டும் பத்தாக இருந்ததாம். அப்புறம் அவள் குரல் வந்தது, ஏதோ புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தவள் மாதிரி. "எப்பவும் ஒரே எடத்துலயா தாண்டறான்?"

"நாலாவது வளைவுல."

"அது ஏங்க எப்பவும் அங்கேயே?"

"எனக்கெப்படித் தெரியும்! மூடிட்டேன், விடு!"

நாலாவது சக்கரம். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று தைரியமாகத் திறந்தார்.

"அந்த செட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, பேட் மட்டும் வாங்கிட்டு வாங்க. சரியா?"

"சரி."

"நானும் அங்க ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா?"

"ஓட்டறதா? அதெல்லாம் நீ... பிரேக்கை டமால்னு அடிக்கிறவ நீ. பக்கத்துல உக்காந்தா எனக்குக் குடல் வாய்க்கு வந்துடும்."

"கால் மரத்துப்போச்சுங்க. தானா எழும்புது பாருங்க."

"ஓட்டு! ஓட்டு! ரெண்டு ரவுண்டு ஓட்டு!"

"பிடிச்சிருக்கு" என்றாள் அந்தம்மா.

கடைக்காரர் செட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பேட்டைத் தயாராகக் காகிதத்தில் சுற்றியே வைத்திருந்தார். "இது ஆறியிருக்கும்போது கத்தும். சூடானாத்தான் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பினார். கத்தத்தான் செய்தது. சனிக்கிழமை காலையில் சிக்னலுக்குச் சிக்னல் அந்த வெள்ளைக் கார் போட்ட கூச்சலில், ரோட்டில் போன நாயெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தது.

"சூடானாத்தான் பிடிக்குமாமே, உங்களுக்குக் காபி மாதிரி" என்றாள் அந்தம்மா. மடியில் சூடு பார்க்கும் மிஷின் இருந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும். நீட்டினால் சிவப்புப் புள்ளி விழும், டிகிரி காட்டும்.

ஓடுபாதையில் மூன்றாவது சுற்றிலும் பெடல் கல் மாதிரி இருந்தது. நாலாவது சுற்றிலும் கல்தான். லிப்ட்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே, நாலாவது வளைவில் ஜன்னல் வழியாக ஒரு கை ஆடியது. கண்ணாடிக்காரர் தாண்டிப் போனார்.

இப்போது சொல்லிக்கொள்ளக் குமிழிகூட இல்லை.

கொட்டகைக்கு வந்ததும் அந்தம்மா சக்கரத்துக்குள் சிவப்புப் புள்ளியை விட்டுப் பார்த்தாள். ஐந்நூற்றுப் பத்து. தம்பி காருக்குப் போய்ப் பார்த்தாள். முந்நூற்று எழுபது. "கார் பழசு, பிரேக்கும் சின்னது, அப்புறம் எப்படிங்க சூடு கம்மி?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனாள். இறங்கி வந்து, தகராறு எதுவுமில்லாமல், ஆச்சரியமாகச் சொன்னாள்.

"அங்க வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர்னு இருநூறு, நூறு, அம்பதுன்னு பலகை வெச்சிருக்காங்களே, அவன் நூறு தாண்டினதும் ஒரே அடி அடிச்சுட்டுக் காலை எடுத்துட்டான். நீங்க இருநூறுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, வளைவு முடியற வரைக்கும் காலை எடுக்கவே இல்லைங்க. டிஸ்க் எப்பங்க ஆறும்? நீங்க பிரேக் அடிக்கலை. தடவிக் குடுக்குறீங்க."

"அதுதாண்டி பக்குவம்! நிக்கிறதே உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியக்கூடாது!"

"உள்ள யாருங்க இருக்கா?"

லிப்ட்காரர் காரைத் திரும்பிப் பார்த்தார். நாலு சீட்டும் காலி. லிப்ட்டில் நின்ற அந்த டம்ளர்க்காரர் இத்தனை நாளும் தன் காருக்குள்ளும் நின்றுகொண்டே வந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சரி, பிரேக்குக்குப் பதிலா காலை மாத்திப் பாப்போம்" என்று சொல்லி, சூடு பார்க்கும் மிஷினை அவர் கையில் வைத்தாள். "என் பேரை எழுதிக் குடுத்துட்டேங்க. ரெண்டாவது ஓட்டுநர்னு வாசல்ல குடுத்த ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருந்துச்சு."

போனாள். முதல் சுற்று பார்த்துப் பார்த்துப் போனாள். அதற்குள் அவர், ஹெல்மெட்டால் கலைந்திருந்த தலையைச் சீப்பெடுத்து வகிடு பிரித்து வாரிக்கொண்டார். இரண்டாவது சுற்றில் கண்ணாடிக்காரர் முன்னால், வெள்ளைக் கார் பின்னால். நேர்ப்பாதையில் இரண்டும் வந்தன. இருநூறு பலகை போயிற்று. லிப்ட்காரரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. நூறு போயிற்று. கண்ணாடிக்காரர் பிரேக் அடித்தார். வெள்ளைக் கார் அடிக்கவில்லை. "அடி, அடி, அடி!" என்று கத்தினார் அவர். அடித்தாளே, டமால் என்று! ரொட்டி அடுப்பின் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரே அடி. மூக்கு தரையைத் தொடுவதுபோல் கார் குனிந்து நிமிர்ந்து, உள்பக்கமாக நுழைந்து, தம்பியைத் தாண்டிப் போயே போய்விட்டது.

அவருக்குக் கை தட்டுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மிஷின் கையில் இருந்ததால் இரண்டும் முடியவில்லை.

கொட்டகைக்குள் காரை விட்டுவிட்டு அந்தம்மா, வேர்த்த முகத்தைக் கழுவ ஹெல்மெட்டோடேயே பின்பக்கக் குழாய்க்குப் போனாள். அவர் காரண்டை போய் நின்றார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"மாமா! எப்படி மாமா? இத்தனை நாளா எங்க மாமா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்துக் கார்க்காரர்களும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"நான் இல்லை" என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன் என்று என்னிடம் கதவிடுக்கு வழியாக இரண்டு தடவை சொன்னார். வந்தது வேறு.

"தடவக் கூடாது மச்சான். அடிக்கணும்! பிரேக்கை எல்லாரும் பெரிசா மாத்துறாங்க. மாத்த வேண்டியது காலை. நூறு பலகையா? அது உங்களுக்கு. எனக்கு எழுபது!"

ஒருவர் காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். அதைப் பார்த்ததும் இவருக்கு வேகம் பிடித்துவிட்டது. ஆயில் ஏன் கொதிக்கிறது என்று சொன்னார். பேட் எப்போது பிடிக்கும் என்று சொன்னார். சூடு ஐந்நூற்றுப் பத்துக்குப் போகவிடக் கூடாது என்று விரலை ஆட்டினார். நடுவில் பின்னாலிருந்து ஒரு குரல், "அடிச்சதும் எப்பங்க காலை எடுக்கணும்?" என்று பணிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தார். ஈர முகத்தோடு, ஹெல்மெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு முன்னால் விரித்த அதே மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு அந்தம்மா நின்றாள்.

"உ... உடனே எடுத்துடணும்" என்றார்.

"அப்படியா?" என்றாள். காட்டிக்கொடுக்கிறவள் இல்லை அவள். அவருக்கும் உயிர் வந்தது. கூட்டம் கலைந்தது. கண்ணாடிக்காரர் மட்டும் போகவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து, கடையில் வருகிறவர்களுக்குக் கண் பார்ப்பதுபோல மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் விளங்கிடுச்சு மாமா. ஒண்ணே ஒண்ணுதான் விளங்கலை."

"கேளு மச்சான், கேளு."

"அவ்வளவு வேகத்துல, ஹெல்மெட்டுக்குள்ள, உங்க வகிடு மட்டும் எப்படி மாமா கலையாம நின்னுச்சு?"

இப்போதும் அவர் சனிக்கிழமை தவறாமல் போகிறார். அந்தம்மா ஓட்டுகிறாள், அவர் டிகிரி பார்த்து எழுதுகிறார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவரை எங்கேயாவது பார்த்தால் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தலையைப் பார்க்காதீர்கள்.